திருத்தம்: நாலாம் பக்கம், மூன்றாம் பத்தி

சென்ற திங்கட்கிழமை நான் எழுதி அனுப்பிய
அட்டன் டன்பார் மைதான ஆட்டச் செய்தியில்
ஒரு பிழை.
கோல் எண்ணிக்கை சரி. மூன்றுக்கு இரண்டு.
மழை சரி.
நடுவர் விசில் தொலைத்து
கைதட்டி ஆட்டத்தை நிறுத்தியதும் சரி.

கொழும்பு அணியின் நடுக்களத்தில்
கானா நாட்டவன் ஒருவன், குவாபெனா அசாரே.
‘காட்டுப் பலம், பிறவி வேகம்’
என்று எழுதியிருந்தேன்.
வரிக்குப் பன்னிரண்டு ரூபாய்.
அந்த வரிக்கும் தந்தார்கள்.

மறுநாள் மல்லியப்புச் சந்தியில்
பஸ்ஸுக்கு நின்றவன்
பத்திரிகையை மடித்து நீட்டினான்.
தேத்தண்ணிக் கடை நளீம்
ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறான், பாவி.
குவாபெனா குரலில் கோபமில்லை,
கணக்குக் கேட்பவனின் பொறுமை:
“மூன்றாவது கோலுக்கு முன்
இரண்டு தடவை தலையைத் திருப்பிப் பார்த்தேன்.
உங்கள் பின்கள வீரர் இடது காலை
ஊன்றப் பயந்தார்.
அதனால்தான் பந்தை அந்தப் பக்கம் போட்டேன்.
நீங்கள் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?”

காலை.
அவன் காலைத்தான்.

வீட்டில் கட்டிலுக்கடியில்
லீக் மலருக்கென்று நான் சேர்த்த பழைய நறுக்குகள்.
முப்பத்தொன்று, துரைமார் பத்திரிகை:
துரைமார் பதினொருவருக்கும் முதலெழுத்தோடு பெயர்.
ஒருவர் மூக்கில் பட்ட அடிக்கு மட்டும்
நாலு வரி.
எதிரே ‘கூலிகள். வெறுங்கால். ஓட்டம் பிறவியிலேயே உண்டு,
ஆட்டம் விளங்காது.’
வென்றது கூலிகள்.
அது கடைசியில், வானிலைக்குக் கீழே.

ஐம்பத்திரண்டு, தமிழ்ப் பத்திரிகை:
‘இந்திய வம்சாவளி வீரர் சன்னாசி
தேசிய அணித் தேர்வுக்குச் சென்று திரும்பினார்.’
திரும்பினார் என்பதோடு செய்தி முடிகிறது.
அவர் சட்டைப் பையில் இல்லாத ஒரு தாளைப் பற்றி
நிருபர் எழுதவில்லை.
எந்த நாட்டுக்கு ஆட வந்தீர்கள் என்று
மேசைக்கு அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள்,
எழுத்துப்பிழை இல்லாத சிங்களத்தில்.

எழுபத்தொன்று:
‘கோல் காப்பாளர் முத்துவீரன் ஆடவில்லை.’
அந்த வாரம் தலைமன்னாருக்குப் போன ரயிலை
விளையாட்டுப் பக்கம் எழுதுவதில்லை.

பிறகு, பசை காய்ந்து மஞ்சளான ஒன்று.
தொண்ணூற்றாறு. புகைப்படத்தோடு.
‘தோட்டத்துப் பையன்கள்
மலையேறிப் பழகியவர்கள்,
இவர்களுக்கு மூச்சு வாங்காது.’
பாராட்டுத்தான்.
பெருமையாக ஒட்டி வைத்தவன் நான்.
படத்தில் இடமிருந்து நாலாவது ஆளும் நான்.
எனக்கு ஆஸ்துமா.
லயத்துக்குப் பின்னால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்
இரண்டு மாதம் கிடந்து பழகிய
ஓஃப்சைட் பொறி ஒன்றால்தான் அன்று வென்றோம்.
கோடு போட்டுக் கொடுத்தவன்
ஸ்டோர் கணக்கு எழுதிய ஆரோக்கியம்.
அவன் மூளைக்கு ஒரு வரி வரவில்லை.
வரவில்லையே என்று அன்று எனக்கும் தோன்றவில்லை.

துரை எங்களுக்குப் போட்ட சட்டை அது.
தோய்த்து, மடித்து,
வேறொருவனுக்கு மாட்டிவிட்டேன்.
அளவு சரியாக இருந்தது
எனக்கு.

ஆசிரியரை அழைத்தேன்.
“திருத்தமா? பெயரில் பிழையா?”
இல்லை.
“கோலில்?”
இல்லை.
“அப்படியானால் செய்தி சரிதானே” என்று வைத்துவிட்டார்.
அந்த இடத்தில் உர விளம்பரம்.

ஆகவே இங்கே எழுதுகிறேன், கூலியில்லாமல்:
எழுபத்தொன்பதாவது நிமிடம்.
குவாபெனா அசாரே
இரண்டு தடவை பார்த்தான்.
யோசித்தான்.
போட்டான்.

நேற்று தர்மசீலனைத் தேடிப் போனேன்.
இடது முழங்கால் வீங்கியிருக்கிறது,
பெக்டரியில் இரவு வேலை, ஐந்து மாதமாம்.
மைதானம் நிறைய ஆட்கள் இருந்தும்
அதைக் கண்டவன் எதிரணிக்காரன்.
நான் தர்மசீலனை ஆறு வருடமாக எழுதுகிறேன்.
ஒவ்வொரு தடவையும்
‘பாறை’ என்று.