திருப்பலாம்

பஹாவ், பிற்பகல் மூன்றரை.
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஏகாம்பரத்தின் சளி.
செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர்.
நாளுக்கு இரண்டு பாக்கெட், கடத்தல் சரக்கு.

நோய் ஒரு நாள் வந்து கதவைத் தட்டும்
என்று நினைத்திருந்தேன், படிக்கிற காலத்தில்.
தட்டுவதில்லை.

மூச்சுக்குழாயில் வரிசையாக நின்று
துடுப்பு மயிரால் தூசியை
மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்த உயிரணுக்கள்
புகை தாங்காமல் வேலையை விட்டுவிட்டன.
அந்த இடத்தில் இப்போது தட்டையான ஆட்கள்,
தோல் தடித்தவர்கள். சூடு தாங்குவார்கள்.
பெருக்கத் தெரியாது.
பெருகத் தெரிந்துகொள்வார்களோ என்னவோ.

இதற்குப் பெயர் இன்னும் நோயில்லை.
பிழைத்துக் கிடப்பது.

ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டதும்
இப்படித்தான்; விலை தாங்கவில்லை.
அங்கே இனி பால்மரம் வராது.
இங்கே வரும்.
அடியில் கிடக்கும் அணுக்கள்
பழைய வேலையை மறக்கவில்லை.
புகை நின்றால் துடுப்பு முளைக்கும்.

ஓரத்தில் ஒரு கரு மட்டும் கறுத்திருக்கிறது.
கண்ணாடியை நகர்த்தி மறுபடி பார்த்தேன்.
சாயமாக இருக்கலாம்.
எழுதிவைத்தேன்.

வெளியே அவர், தொப்பியைக் கையில் சுருட்டியபடி.
"என்னம்மா, ஏதும் இருக்கா?"
"செவ்வாய்க்கிழமை டாக்டர் சொல்வார்."
அதற்குமேல் நான் சொல்லக்கூடாது.
சொன்னேன்:
"இப்பக்கூடத் திருப்பலாம்ண்ணே."

அவர் வாசலைப் பார்த்தார்.
ஆம்புலன்ஸ் வழியை மறித்து
குலைகளோடு நின்றது லாரி.
"அடடா, மன்னிச்சிரும்மா, இதோ எடுத்துர்றேன்."

இருமிக்கொண்டே ஓடினார்.