இரண்டாவது ஆம்

முதல் கடிதத்தை கெர்த் முழுதாக வாசிக்கவில்லை.
கிரீன்லாந்தின் கிழக்குக் கரை,
ஒன்பது வீடுகள், உபதேசியார் இல்லை
என்ற இடத்திலேயே மடித்துவிட்டு
சுவரில் தொங்கிய தோல்கயிற்றை எடுத்து
பெட்டியைக் கட்டத் தொடங்கினான்.

என்னை ஒரு வார்த்தை கேட்டானா என்கிறீர்களா?
இல்லை.
கேட்டிருந்தாலும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன்.
எனக்கு அப்போது பத்தொன்பது வயது.
இழக்க ஏதுமில்லாதவளின் ஆமுக்கு
இறகளவுதான் எடை.

கப்பல் இறக்கிப்போன பலகை
எங்கள் கூரைக்குப் போதும், அல்லது கோவிலுக்குப் போதும்.
கோவில் எழுந்தது.
நாங்கள் புல்கட்டி வீட்டில் கிடந்தோம்.
சீல் கொழுப்பு விளக்கின் புகையில்
கெர்த் வேதம் வாசிப்பான்.
"ஆடு எப்படி இருக்கும்?" என்பாள் அர்னாங்குவாக்.
நானும் பார்த்ததில்லை என்பேன்.
வாய்விட்டுச் சிரிப்போம்.
பார்க்காத ஆட்டைத் தேடி அலையும் ஒருவரை
அவள் எப்படி நம்பினாள்,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு வருஷம்.
ஒன்பது வீடு பதினான்கானது.
அர்னாங்குவாக் கையில்தான் என் மகள் பிறந்தாள்.
செவெரீனே.
நாலு வயதில் அவளுக்கு இருமல் வந்தது,
கப்பலோடு வந்த இருமல்.
அந்த ஞாயிறும் கெர்த் மணி அடித்தான்.
ஜெபத்தில் 'உம்முடைய சித்தம்' வரை வந்தான்.
அங்கேயே நின்றுவிட்டான்.
மீதியைச் சபை சொல்லி முடித்தது.

அந்த மண்ணைத் தோண்ட முடியாது.
ஒரு முழத்துக்குக் கீழே உறைந்து கிடக்கும்.
ஊரே கல் சுமந்து வந்தது.
ஒவ்வொன்றாக நான் வாங்கி அடுக்கினேன்.
அதற்குப் பிறகுதான்
அதை என் ஊர் என்று சொல்ல வாய் வந்தது.

இரண்டாவது கடிதம் ஆகஸ்டில் வந்தது.
இன்னும் வடக்கே, ஐந்து கூடாரங்கள்.
கெர்த் கடைசி வரி வரை வாசித்தான்.
இரண்டு முறை.
மடிக்காமல் விளக்கடியில் விரித்து வைத்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
கல்யாணமான நாள்முதலாய் முதல் தடவையாகக் கேட்டான்:
"நீ என்ன சொல்கிறாய்?"

அன்றிரவு ஆண்டவரிடம் பேரம் பேசினேன்,
கடைக்கார டேனியரிடம் நரித்தோலுக்குப் பேசுவதுபோல.
ஒரே ஒரு குளிர்காலம்.
கற்களில் பாசி பிடிக்கும்வரை.
அடுத்த விரிகுடாவில் வேறொருத்தி இல்லையா உமக்கு?
அன்று போ என்றீரே, வந்தேனே,
அந்தக் கணக்கு எங்கே?

பதில் இல்லை.
மூன்று முறை திரியைத் தட்டிவிட்டேன்.
எதிரில் இருப்பவர் வாயே திறக்காவிட்டால்
எவ்வளவு நேரம்தான் ஒருத்தி விலை சொல்லிக்கொண்டிருப்பாள்?

விடிந்ததும் கெர்த்தை எழுப்பினேன்.
"அந்தத் தோல்கயிறு எங்கே?"

விளக்கை அர்னாங்குவாக்கிடம் கொடுத்தேன்.
கோவில் மணி அவள் மகனுக்கு.
அவன் வாசிப்பான், தடுக்கித் தடுக்கி.
கற்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.
"பனி சரிந்தால் அடுக்கிவிடுகிறேன்" என்றாள் அவளாகவே.

தோல்படகில் துடுப்புப் போடுவது பெண்கள்தான்.
துடுப்புப் போடுகிறவளுக்கு முகம் பின்பக்கம்;
விட்டுப்போகும் கரையைப் பார்த்தபடியேதான் போகவேண்டும்.
திரும்பிப் பார்த்து உப்பாய் நின்றவளைப் பற்றி
கெர்த் பலமுறை வாசித்திருக்கிறான்.
நான் மலைமுனை மறைக்கும்வரை பார்த்தேன்.
உப்பு கன்னத்தோடு நின்றது.

நிபந்தனையில்லாமல் கீழ்ப்படிந்தார்கள் என்று
வருஷ அறிக்கையில் எழுதுவார்கள்.
எழுதட்டும்.
என் வலது கையுறைக்குள்
ஒரு பல் அளவில் கல் இருக்கிறது.
ஒவ்வொரு வலிப்புக்கும் உள்ளங்கையில் அழுத்துகிறது.
அவர் இன்னும் அதைக் கேட்கவில்லை.
கேட்கும் நாள் வரை
இந்தக் கையாலேயே வலிக்கிறேன்,
வடக்கே.