பத்தில் ஒன்று

முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய கேம்.
தடைக்காலம் முழுக்க
ஏலக்கூடத்துக்குப் பின்னால்
கவிழ்த்த வள்ளத்தில் சாய்ந்து
தனியாகவே ஆடினேன்.
ஒரு தீவு, ஒரு ஆள், ஒரு கலங்கரை விளக்கம்.
விளக்குக்கு ஏறும் கடைசிப் படியில் கதவு:
'நால்வர் அணியில் பத்துப் போர் முடித்தால் திறக்கும்.'

விசைப்படகில் ஆறு பேர் நாங்கள்.
தூக்கத்தில் யார் கால் யார் மேல் என்று தெரியாது.
வாந்தி எடுக்கக்கூடத் தனி இடமில்லை.
அதற்காகத்தானே ஐயா
இந்தத் தீவை விலைக்கு வாங்கினேன்.

மண்டபத்தில் சிக்னல் நினைத்தால்தான் வரும்.
சில இரவு அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
'இலங்கைக்கு நல்வரவு' என்கிறது போன்.
அழைக்கிறவன் ஒருத்தன், பிடிக்கிறவன் ஒருத்தன்.

இருந்தும் போனேன்.
முதல் போரில்
என் வேகத்தைப் பார்த்து ஒருவன்
அம்மாவை இழுத்தான்.
இன்னொருவன் பாதியில் வெளியேறினான்.
மூன்றாமவன் சுடவே இல்லை.
சுவரோரம் நின்று
கடல் வரைந்திருந்த பக்கத்தையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் எங்கோ ஒரு கதவு இருக்கும்.

பக்கத்தில் போய் நின்றேன்.
துப்பாக்கியைக் கீழே வைக்கப் பொத்தான் இல்லை,
குனிந்து நிமிர்ந்தேன்.
கொஞ்சம் பொறுத்து
அவனும் குனிந்து நிமிர்ந்தான்.
எட்டு நிமிடம்.
எங்களைச் சுட யாரோ வந்துகொண்டே இருந்தார்கள்,
செத்துச் செத்து
அதே சுவருக்கே திரும்பினோம்.

தோற்றோம்.
பத்தில் ஒன்று என்றது திரை.

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது.
ஐஸ் ஏற்ற ஆள் குறைகிறதாம்,
'இன்னாசி, ஏலே இன்னாசி' என்று
பாலத்திலிருந்து கத்துகிறார்கள்.