செலவுத் தலைப்பு

பொழுதுபோக்கு என்றொரு செலவுத் தலைப்பு
எங்கள் பேரேட்டில் இல்லை.
பேராசிரியர் தவமலர் வேலாப்போடிக்கு
இதை நான் முதலில் எழுதியது
தொண்ணூற்றாறில், சிவப்பு மையில்.
பயணப்படி உண்டு, எழுதுபொருள் உண்டு.
பாண் இருபது றாத்தல், மாசிச்சம்பல்,
நைலோன் கயிறு நூறு முழம்,
'நோக்கம்: இரவு முழுக்க வானத்தைப் பார்த்தல்' –
இதை எந்தக் கட்டத்தில் போட?

படியேறி வந்தார்.
முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.
ஆய்வு என்று போட்டால் வெட்டமாட்டார்கள் என்றேன்.
"ஆய்வு இல்ல தம்பி, விளையாட்டுத்தான்.
அதத்தான் எழுதியிருக்கன்."

கயிறும் திசைகாட்டியும் வைத்திருந்தால்
பெயரை இரண்டு தரம் கேட்கிற காலம்.
கறுத்தப்பாலத்தடியில் வரைபடத்தைப் பறித்துக்கொண்டார்கள்.
பதினேழு மாணவர், ஒருவருக்கும் வழி தெரியாது.
தங்கள் நிழலைப் பார்த்துப் பார்த்து நடந்து
படுவான்கரையில் யாரோ ஒருவரின் வட்டைக்குள் இறங்க
அவர் சோறு போட்டாராம்.
அடுத்த இரண்டு சனியும் போய்
அவருடைய உடைந்த வாய்க்காலைக்
கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்கள்.
மண்வெட்டி வாடகைச் சீட்டு எனக்கு வந்தது.
திருப்பி அனுப்பினேன்.

காத்தான்குடிப் பொடியன்களையும்
ஆரையம்பதிப் பொடியன்களையும்
ஒரே தோணியில் ஏற்றினார் ஒருமுறை.
துடுப்பு இரு பக்கமும் ஒத்து விழவில்லை,
தோணி ஒரு மணித்தியாலம்
நின்ற இடத்திலேயே சுற்றியது.
அவர் கரையில் இருந்து கச்சான் உடைத்துச் சாப்பிட்டாராம்,
ஒரு சொல் சொல்லாமல்.
சுற்றிய மணித்தியாலத்துக்கும் தோணிக்காரன் காசு கேட்டான்.
நான் கொடுக்கவில்லை.

பேரவையில் ஒருவர் கேட்டாராம்,
ஓடிப்பிடித்து விளையாடவும் பட்டமா என்று.
இவர் சொன்ன பதில் கூட்டக்குறிப்பில் இல்லை.
குறிப்பெடுத்த பிள்ளை சிரித்துவிட்டதில்
அந்த வரி விடுபட்டதென்று கேள்வி.

பிறகு அந்த மார்கழி.
என் மனைவி சுகிர்தாவுக்கு ஊர் நாவலடி.
அவளுடைய ஆட்கள் பதினொரு பேர்.
எண்ணுவதுதான் என் தொழில்,
அதற்குமேல் நான் எண்ணவில்லை.
ஏழு வருடம் கல்லடிப் பாலத்தை
பஸ்ஸில் கண்மூடித்தான் கடந்தாள்.
வாளி நிரம்பும் சத்தம் கேட்டால்
குழாயைப் பூட்டச் சொல்வாள்.

ஒரு வவுச்சர்:
'பெண்கள் பதினான்கு பேர். வாவி, இடுப்பளவு நீர்.
மல்லாந்து மிதத்தல், மூன்று மணித்தியாலம்.
தேத்தண்ணி.'
பெறுபேறு என்ற கட்டத்தில்
'மிதந்தார்கள்' என்று மட்டும் இருந்தது.
வழமைபோல் மறுத்து, கையொப்பமிட்டு,
ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன்.
சுகிர்தா ஈரத்தலையோடு குந்தியிருந்து
மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
முடியில் சாதாளைத் துண்டொன்று.
நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று அவருக்குப் பிரியாவிடை.
பொன்னாடையை மடித்து
வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டு
சைக்கிளில் போய்விட்டார்.

இன்று பொருட்கணக்கு.
துடுப்பு ஒன்பது.
கூடாரம் நாலு, ஒன்றில் எலி குட்டி போட்டிருக்கிறது.
திசைகாட்டி ஒன்று, தெற்கை மட்டும் காட்டுகிறது.
உயிர்காப்பு அங்கி பதினைந்து இருக்கவேண்டும்,
பதினான்கு.
களஞ்சியப் பொடியன் மூன்று தரம் எண்ணினான்.

எனக்குத் தெரியும் அது எங்கே என்று.
எங்கள் வீட்டுக் கொடியில்,
வெளிறிய செம்மஞ்சள்,
ஞாயிறு தவறாமல் காய்கிறது.

குறைவுக்கான காரணம் என்ற இடத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.
பிறகு நீல மையில்
'பாவனையில் உள்ளது' என்று எழுதினேன்.