அறுநூற்றுப் பதினொரு நாள்

காற்று கிளம்பிவிட்டால் புந்தா அரேனாஸில்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
நான் இன்றிரவு வாசலைக்கூடத் திறக்கவில்லை.
அடுப்பில் கெட்டில். மடியில் கணினி.
கறுப்புத் திரையில் இமைக்கும் வெள்ளைக் கோடு.
எனக்கு அதுதான் கயிறு.

கடவுச்சொல் கேட்கிறது.
தட்டத் தட்ட ஒரு புள்ளிகூடக் காட்டாது,
கேட்டதை மறந்துவிட்டவரைப் போல.
ஒவ்வோர் எழுத்தும் மேலேறி,
வானத்தில் தொங்கும் தகரமொன்றில் பட்டு,
தெற்கே தீவில் இறங்கித்
திரும்பிவர முக்கால் நொடி.
ஆகவே கையை நம்பித் தட்டுகிறேன்.
திரை பின்னால் வருகிறது,
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு வரும் பிள்ளை மாதிரி.

உள்ளே வந்தாயிற்று.
உயிரோடு: 611 நாள்.
வட்டு: நூற்றுக்கு நூறு நிரம்பியது.
காற்றுமானியின் கடைசி வரி 01:10.
அதன் பிறகு இரண்டு மணி நேரமாய்
அங்கே காற்று வீசியதற்குச் சாட்சி இல்லை.

பதிவேட்டைத் திறந்தால்
யாரோ, எங்கிருந்தோ, கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
நிமிடத்துக்கு நாற்பது முறை.
ரூட். அட்மின். டெஸ்ட். ரூட்.
ஏனோ ஒரேயொரு முறை, 'மரியா'.
தட்டியவன் உள்ளே நுழையவில்லை.
தட்டிய சத்தத்தைக் குறித்துக் குறித்தே
வீடு நிறைந்துவிட்டது.

அழிக்கும் கட்டளையை எழுதிவிட்டு
எப்போதும் கைகளை மேசையிலிருந்து எடுத்துவிடுவேன்.
எந்த அடைவில் நிற்கிறேன்?
சாய்கோடு தவறி விழுந்தால் தீவே போய்விடும்.
பார்த்தேன். மீண்டும் பார்த்தேன். அழித்தேன்.

அதோடு படுத்திருக்கலாம்.
கதவையும் அடைத்துவிடலாம் என்று தோன்றியது.
இரண்டே வரி:
எல்லோரையும் மறு.
என்னை மட்டும் விடு.
இந்த வரிசையில்.

வெள்ளைக் கோடு நின்றது.
தட்டியது எல்லாம் கிணற்றில் போட்ட கல்.
நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டியவனுக்குக்
கீழே விழவாவது ஒரு தரை இருந்திருக்கும்.
எனக்கு நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடல்.
அடுத்த படகு பதினோரு நாள் கழித்து.

'பத்து நிமிடத்தில் பழைய விதிகளுக்குத் திரும்பு'
என்று முன்னாலேயே ஒரு வரி போட்டுவைப்பது வழக்கம்.
போட்டேனா?
போட நினைத்தேனா?

வானொலியில் உலோகியோவைக் கூப்பிட்டேன்.
நிலையத்தின் சமையல்காரர், ஜெனரேட்டர்காரர்,
மழைமானி படிப்பவர், எல்லாம் அவர் ஒருவர்தான்.
காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.
"எந்தப் பொத்தான், மிலென்கா?"
"பச்சை விளக்குக்குக் கீழே. ஐந்து நொடி அழுத்துங்கள்,
அணைந்ததும் இன்னொரு தரம்."
"கொட்டகைக்கு நூறடி இருக்கும்.
பரவாயில்லை, கயிறு கட்டியிருக்கிறேன்."

எட்டாம் நிமிடம் கெட்டில் சீறியது. எழுந்திருக்கவில்லை.
ஒன்பது.
பத்து.
கடவுச்சொல் கேட்டது!
போட்டுத்தான் இருக்கிறேன்.
இம்முறை ஒழுங்காக:
முதலில் என்னை விடு. அப்புறம் எல்லோரையும் மறு.
சேமி.

வானொலியை எடுத்தேன்:
வேண்டாம், உலோகியோ, சரியாகிவிட்டது, வேண்டாம்.
மாவின் அருகே என் குரல் யாருமில்லாமல் பேசியிருக்கும்.
அவர் கயிற்றில் இருந்தார்.

மூன்று நிமிடம்.
திரை செத்தது.

கடைசியில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.
"அழுத்திவிட்டேன். ஐந்து இல்லை,
ஒரு நிச்சயத்துக்கு ஏழு நொடி. வந்துவிட்டதா?"
அறுநூற்றுப் பதினொரு நாளைப் பற்றி
நான் எதுவும் சொல்லவில்லை.
"வந்துவிட்டது," என்றேன். "உங்களால்தான்."
"இவ்வளவுதானா உன் வேலை?" என்று சிரித்துவிட்டு
மாவுக்குத் திரும்பினார்.

உயிரோடு: 4 நிமிடம்.
காற்றுமானி எழுதத் தொடங்கியிருந்தது.
முதல் வரி:
தென்மேற்கு, மணிக்கு 118.

அதற்குள்தான் நடந்து போயிருக்கிறார்.