சி-யில் ஒரு கந்தசாமி

மூன்று செயலிகள்.
முதலாவது மாதம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கேட்கிறது.
இரண்டாவது ஒன்றும் கேட்பதில்லை,
அதனாலேயே கொஞ்சம் பயம்.
மூன்றாவது தங்கை மகன் ஏற்றிக் கொடுத்தது.
குறிப்புக்குக் குறிப்பு நூல் கட்டி
திரை முழுக்கச் சிலந்தி வலை காட்டும்.
அழகுதான்.
வலையில் யார் சிக்கினார் என்றுதான் தெரியாது.

ரங்கப்பிள்ளை வீதியில்
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி எனக்கு.
பிரெஞ்சு பென்ஷன், பிறப்புச் சான்று,
உயிரோடு இருப்பதற்கான சான்று,
எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்புகிறேன்.
பதினோரு வருடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்
என் போனுக்குள் குடியிருக்கிறார்கள்.

பெயர்தான் தொல்லை.
பழைய பதிவேட்டில் கந்தசாமி சி-யில் தொடங்குவார்,
நடுவில் இரண்டு எஸ்.
ஆதாரில் கே.
ரேஷன் அட்டையில் 'ந்' விழுந்து கதசாமி.
முருகன் என்றால்
ஓ-வும் யூ-வும் இரண்டு தரம் கைகோத்து வரும்,
கடைசியில் வாய் திறக்காத ஓர் ஈ உட்கார்ந்திருக்கும்.
விரட்டினால் பென்ஷன் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றுக்கும் பரீட்சை.
கே போட்டுக் கந்தசாமியைத் தேடினேன்.
முதலாவது, 'முடிவுகள் இல்லை' என்றது.
இரண்டாவது யாரோ டாக்சிக்காரர் நம்பரைக் கொடுத்தது.
மூன்றாவது நூலை இழுத்து இழுத்து
மனைவி, மருமகள், வீட்டு மின் இணைப்பு எண் வரை போய்
அவரைத் தவிர எல்லாரையும் காட்டியது.

புதன்கிழமை அமலோற்பவம் வந்தார்.
பணம் கேட்கும் செயலி தானாகக் கேட்டது:
ஒரே ஆள் போல மூன்று குறிப்புகள். இணைக்கவா?

ஒருத்தி சைகோனில் பிறந்தவள்.
ஒருத்தி உழவர்கரையில், நான்கு வயது இளையவள்.
ஒருத்திக்குப் பிறந்த தேதியே இல்லை,
அவள் பெயருக்குத்தான் கேஸ் சிலிண்டர் வருகிறது.
மூவரும் எதிரே உட்கார்ந்து
ஒரே டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, போன் நின்னுபோச்சா?"

"இல்லீங்க. யோசிக்குது."

இணைக்கவில்லை.

முடிவு நான் எடுத்ததில்லை.
பதிவு அலுவலகத்தில் நான்காம் ஜன்னல், ஐப்பசி மழை,
சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.
முதலாவது வட்டம் சுற்றியது. சுற்றியது.
மூன்றாவதின் சிலந்தி வலையைச் சுருட்டிக்கொண்டு எங்கோ போயிற்று.
உள்ளே இருந்தவர் பேனா மூடியைக் கடித்தபடி
அடுத்தவரைக் கூப்பிட வாயெடுத்தார்.
ஒன்றும் கேட்காத அந்த இரண்டாவதுதான்
வெறுந்தாள் மாதிரி சட்டென்று திறந்தது.
தொகுதி எண் சொன்னேன், பக்க எண் சொன்னேன்.
அவ்வளவுதான், தீர்ந்தது.

மக்குதான் அது.
சி-க்கும் கே-க்கும் ஒட்டு உறவு உண்டென்று
சொன்னாலும் ஏறாது.
அதனால் ராத்திரி சாப்பிட்ட பிறகு
நாளுக்கு இருபது பேர்.
குறிப்பின் அடியில்
அவரை யார் யார் எப்படியெல்லாம் எழுதினார்களோ
அத்தனையும் எழுதுகிறேன்:
சி-யில், கே-யில்,
ஈயோடு, ஈ இல்லாமல்,
'ந்' விழுந்ததையும் விடாமல்.
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கட்டும்.

இன்றைக்கு எம் வரை வந்திருக்கிறேன்.
முருகன்கள் மட்டும் நாற்பது பேர்.

முதலாவதுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.
நிறுத்தும் வழியைக் குறித்துத்தான் வைத்தேன்.
எந்தச் செயலியில் என்றுதான்…