வேலிக்கு இந்தப் பக்கம் மூன்று புள்ளி இரண்டு

காலை ஒன்பதுக்குத்தான் பார்க்க வேண்டும்.
எட்டே முக்காலுக்குப் பார்த்தால்
அது ஆசை, அளவு அல்ல.

கொட்டகையின் நிழலும் யூகலிப்டஸ் சொட்டும் எட்டாத இடத்தில்
கம்பத்தோடு நிற்கிறது மழைமானி.
புனலைத் தூக்கினேன்.
உள்ளே ஒரு சாம்பல் மரத்தவளை,
வாடகை பாக்கி வைத்த முகத்தோடு.
எடுத்துப் புல்லில் விட்டேன்.
நீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றினேன்.

ஓரத்தில் ஏறும், நடுவில் குழியும் நீர்.
குழியின் அடியைப் படிக்க வேண்டும்.
ஏறிய ஓரத்தைப் படிப்பவர்கள்
லாக்ஸ்டன் வங்கிக்குக் கடன் கேட்டுப் போகிறவர்கள்.

மூன்று புள்ளி இரண்டு.
தவளை குடித்தது எவ்வளவோ,
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

ஒன்பது ஐந்துக்குப் போன். க்ளென் நோஸ்கே.
"எவ்வளவு, லோர்னா?"
சொன்னேன்.
மரியாதைக்கு ஒருமுறை இருமினான்.
"இங்கே பதினான்கு."

நடுவே இருப்பது ஐந்து கம்பி வேலி.
விதைத்தது ஒரே வாரம், ஒரே கோதுமை.
ஒரு மில்லிமீட்டர் என்பது
சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்.
ஹெக்டேருக்குக் கணக்குப் போட்டேன்,
போட்டிருக்கக் கூடாது.
அவனுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
எனக்கு முப்பத்திரண்டாயிரம்.

நீராவி வெறுங்கையோடு துளியாகாது.
பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்:
தென்கடல் தெறித்த உப்பு,
எங்கோ எரிந்த புதரின் கரி,
ஒரு துகள் மண்.
அதன்மேல் குளிர்ந்து ஒட்டியதும் மழை என்று நினைக்காதீர்கள்;
அது மிதக்கும் அற்பம்.
பத்து லட்சம் அற்பங்கள் முட்டி மோதி ஒன்றானால்தான்
விழுமளவு கனம் வரும்.

துகள் மண்.

முந்தாநாள் மத்தியானம் முழுக்க வடக்குக் காற்று.
என் மேல்மண்ணை உரித்துச் சுருட்டி
தெற்கே, வேலி தாண்டி, தூக்கிப் போனது.
ஜன்னலைச் சாத்திவிட்டு
பற்களுக்கிடையே என் வயலை மென்றபடி உட்கார்ந்திருந்தேன்.

"க்ளென்,
உன் குழலில் தண்ணீர் என்ன நிறம்?"

போனில் அவன் நடக்கும் சத்தம்.
கம்பிக் கதவு. நாய்.
நெடுநேரம் கழித்து,
"கொஞ்சம் சிவப்பு."

"ம்."

"அடியில் படிந்திருக்கிறது," என்றான், பிறகு,
"ஒரு விரல்நுனி இருக்கும்."

நோட்டில் 3.2 எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில் ஏதோ எழுதி அடித்தேன்.
வெளியே போய்ப் புனலைப் பொருத்தப் பார்த்தால்
தவளை எனக்கு முன்பே
உள்ளே போயிருந்தது.